கை வைத்த போர்வை வாங்கலாமா?

மாசாய், ஜொகூர்
நவம்பர் 9

அன்பு மகள் லோஷினிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. அபர்டீன் குளிரில் நீ சளி காய்ச்சல் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறோம். இங்கே நானும் அம்மாவும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், அந்த இடத்திலேயே பேனா நின்றுவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்து, அந்த வரிய எழுதினீங்கன்னா பேனாவப் பிடுங்கிடுவேன் என்று சொல்லிவிட்டாள். அதனால் இப்படி எழுதுகிறேன். அம்மா நலம். நான் எவ்வளவு நலம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. வாரம் தவறாமல் வீடியோவில் பேசுகிறவருக்குக் கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். வீடியோவில் உன் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பொய் தானாக வந்துவிடுகிறது மகளே, ஏழு மாதமாக வந்துகொண்டிருக்கிறது. தாளில் எழுதினால் வராது என்று அம்மா நினைக்கிறாள், பார்ப்போம்.

பார்சலைப் பிரித்திருப்பாய். முறுக்கு உடையாமல் வந்திருந்தால் அது அம்மா கட்டிய பெட்டி, நெத்திலிச் சம்பல் கொட்டியிருந்தால் அது நான் மூடிய டப்பா. அடியில் சாம்பல் நிறத்தில் புசுபுசுவென்று ஒன்று கிடக்கும், என்னவோ ஏதோ என்று பதறாதே. அது ஒரு சட்டையின் கை. இடது கை மட்டும். மீதிச் சட்டை என்னிடம் இருக்கிறது. எப்படி என்றால், போன மாதம் நம் குடும்ப குரூப்பில் நீ ஒரு படம் போட்டாயே, ஒரு வெள்ளைக்காரப் பெண் தலை முதல் முழங்கால் வரை போர்வையையே சட்டையாகப் போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து சிரிப்பாளே, அந்தப் படம். அப்பா, இது வாங்கலாமா, வொர்த்தா, வீட்டுக்குள்ள உட்கார்ந்து தீசிஸ் எழுதுறப்பவே விரல் விறைச்சுப் போகுது, ஹீட்டர் சரியா வேலை செய்யல என்று கேட்டிருந்தாய். எதைக் கேட்டாலும் நான் பதில் சொல்லுவேன் என்பது உனக்குத் தெரியும், தெரியாததற்கு இன்னும் வேகமாகப் பதில் சொல்லுவேன் என்பதும் தெரியும். உள்ள இருக்கிறது பொண்ணா கரடியா, ரெண்டு சட்டையப் போட்டுக்கிட்டு வேலையப் பாரு லா என்று எழுதினேன். பதினான்கு பேர் சிரித்தார்கள். நீயும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டாய். நான் அன்றைக்கு முழுவதும் அந்தப் பதினான்கைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நீ அதை வாங்கவே இல்லை என்பது தீபாவளியன்று நீ வீடியோவில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசியபோதுதான் தெரிந்தது. முப்பத்தொரு வருஷம் பாசிர் கூடாங்கில் எண்ணெய்த் தொழிற்சாலையில் போர்க்லிப்ட் ஓட்டியவன், வேர்க்காத நாள் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை, குளிரைப் பற்றி உனக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன், உட்கார்ந்து படி. என் சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்திவிட்டன. சர்க்கரை செய்த வேலைதான், எல்லாம் அந்தத் தித்திப்பு டீ, தே தாரிக்கும் நானும் சேர்ந்து நடத்திய திருவிழா. ஜூலையிலிருந்து திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் இங்கே மாசாயில் ஒரு டயாலிசிஸ் நிலையத்துக்குப் போகிறேன். தடவைக்கு நான்கு மணி நேரம். ரத்தம் ஒரு குழாயில் வெளியே போய், இயந்திரத்தில் சுத்தமாகி, இன்னொரு குழாயில் திரும்பி வருகிறது. அதற்காக ஏப்ரலில் இடது கையில் ஒரு சின்ன அறுவை செய்து ரத்தக் குழாய்களை ஒன்றாக இணைத்திருக்கிறார்கள். அந்த இடம் வீங்கிப் புடைத்திருக்கும், தொட்டால் உள்ளே மோட்டார் ஓடுவது போல அதிரும். அதை மறைக்கத்தான் ஏப்ரலிலிருந்து உன்னோடு பேசும்போதெல்லாம் முழுக்கைச் சட்டை. என்னப்பா இந்த வெயில்ல என்று நீ கேட்டபோது கோயில் மீட்டிங் என்றேன். ஏழு மாதமாக வாரா வாரம் கோயில் மீட்டிங் நடக்கிறது என்றால் நம் கோயிலில் இந்நேரம் ஐந்து கோபுரம் எழுந்திருக்க வேண்டும், நீயும் நம்பினாயே. இளைத்துவிட்டீர்கள் என்றாய், டயட் என்றேன். தீபாவளிக்குக் கழுத்துவரை பட்டன் போட்ட முழுக்கை பாத்தேக் சட்டையோடு உட்கார்ந்தேன், அப்பா ஸ்மார்ட்டா இருக்கீங்க என்று சொன்னாய். போனை வைத்ததும் அம்மா சமையலறைக்குப் போய் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று நீ கோபப்படுவாய், கோபப்பட உனக்கு உரிமை உண்டு. நீ பினாங்கில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது நான் மோட்டார்சைக்கிளிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டேனே, பாதிப் பரீட்சையில் எழுந்து பஸ் ஏறி வந்து நின்றாய். உனக்கு ஒரு செமஸ்டர் போனது, என்னால்தான் போனது. வந்தவளும் என்ன செய்தாய், எனக்கு டிவி சானல் மாற்றிக் கொடுத்தாய். இந்தத் தடவையும் அப்படித்தான் வருவாய் என்று எனக்குத் தெரியும். மார்ச்சில் ஆய்வேடு கொடுக்க வேண்டும், நான்கு வருஷ உழைப்பு, அதை நான் இன்னொரு தடவை கெடுக்கக் கூடாது என்று பயம். பயத்துக்குப் பெயர் பெருந்தன்மை என்று வைத்துக்கொண்டேன். அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை, என் பிள்ளகிட்ட என்னையும் பொய் பேச வைக்கிறீங்க என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள்.

சரி, போர்வைக்கு வருகிறேன். அந்த நிலையத்தில் ஏர்கோன் அப்படி ஒரு குளிர். ஏர்கோன் மட்டும் இல்லை, ரத்தம் வெளியே போய்ச் சுற்றிவிட்டு வருவதால் உடம்புக்குள்ளிருந்தே குளிர் எடுக்கும் என்று மிஸி அல்ஃபியா சொன்னாள், அவள்தான் எனக்கு ஊசி போடுகிற நர்ஸ், நல்ல கை. எல்லோரும் வீட்டிலிருந்து போர்வை கொண்டு வருவோம். இடது கையை அசைக்கக் கூடாது, வலது கை ஒன்றால் போர்வையை இழுத்து விட்டால் ஒரு பக்கம் மூடும், மறு பக்கம் நழுவி விழும். குனிந்து எடுக்கவும் முடியாது. விழும் ஒவ்வொரு தடவையும் மிஸியைக் கூப்பிட வெட்கப்பட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பேன். பக்கத்து நாற்காலி சுல்தான் பாய், பேருந்து நிலையத்துப் பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர், என்ன கமலநாதன், போர்வை உங்களுக்குப் போட்டதா தரைக்குப் போட்டதா என்று கேட்பார். அப்படி நடுங்கிக்கொண்டு கிடந்த ஒரு புதன்கிழமைதான் உன் கரடி ஞாபகத்துக்கு வந்தது. நழுவாத போர்வை, கை வைத்த போர்வை. எதைப் பார்த்துச் சிரித்தேனோ அதையே வலது கைக் கட்டைவிரலால் தேடி, படுத்தபடியே ஓன்லைனில் ஆர்டர் செய்தேன்.

வந்தது. தொட்டுப் பார்க்காத துணிக்கு நான் பொறுப்பில்லை என்று அம்மா முதலிலேயே கை கழுவிவிட்டாள், தங்காக்கில் ஒன்பது வருஷம் துணிக்கடையில் நின்றவள், விரலிடுக்கில் வைத்துத் தேய்த்துப் பார்க்காமல் கைக்குட்டைகூட வாங்க மாட்டாள் என்பது உனக்குத் தெரியாததா. எல்லா உடம்புக்கும் ஒரே அளவு என்று போட்டிருந்தது, அந்த எல்லா உடம்பிலும் என் உடம்பு சேரவில்லை. கை விரல் நுனியைத் தாண்டி இன்னும் ஒரு சாண் தொங்கியது. மத்தியானம் இரண்டு மணிக்குத் தலையை மூடும் குல்லாவையும் இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று அழகு பார்த்தேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக் கஸ்தூரி, உன் அம்மாவிடம் சீனி கேட்க உள்ளே வந்து, அலமாக் என்று ஒரு கத்துக் கத்தி, கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டாள். யாருன்னு தெரியாம போச்சுண்ணே, மன்னிச்சிருங்க என்று இன்றைக்கும் சொல்கிறாள். அதற்குள் எனக்கு உள்ளே வேர்த்து ஊற்றி, தலை வழியாகக் கழற்றத் தெரியாமல் சிக்கிக்கொண்டு, இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து என்னை வெளியே எடுத்தார்கள்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ராஜா மாதிரி அதைப் போட்டுக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். கைகள் இரண்டையும் உள்ளே விட்டு, பட்டுப் போன்ற கதகதப்பில், சுல்தான் பாயைப் பார்த்து ஒரு தலையாட்டல். அல்ஃபியா ஊசித் தட்டோடு வந்து நின்றாள். என்னைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், அங்கிள், கை எங்க என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான்கு மாதமாக வாரத்துக்கு மூன்று நாள் அந்தக் கையை நீட்டி ஊசி வாங்கியவன், அந்தக் கைக்காகவே போர்வை தேடியவன், அந்தக் கையையே மூடும் சட்டையை வாங்கியிருக்கிறேன். மேலே சுருட்டிவிடப் பார்த்தோம், அந்தத் தடிமனுக்குச் சுருட்டினால் கையை இறுக்கிப் பிடித்தது, இறுக்கக் கூடாதாம். மூடியும் வைக்கக் கூடாதாம், ஊசி நழுவி ரத்தம் போனா துணிக்கு அடியில எங்களுக்குத் தெரியாது அங்கிள், அந்தக் கை எப்பவும் வெளிய தெரியணும் என்று அவள் பொறுமையாகச் சொன்னாள். கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நான்கு மணி நேரம் நடுங்கினேன். சுல்தான் பாய் பாவம், அன்றைக்கு ஒரு வார்த்தை கிண்டல் செய்யவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்தாள், சாக்கட்டியால் தோளில் கோடு போட்டாள், ஒரே வெட்டு. பிறகு ஓரத்தை மடித்துத் தைக்க உட்கார்ந்தவள் தலையைத் தூக்காமலே, அங்க நர்ஸ் சொல்லுது கை வெளிய தெரியணும்னு, இங்க நீங்க என் மகளுக்குத் தெரியக் கூடாதுன்னு மூடி மூடி வைக்கிறீங்க, இனிமே என்னால முடியாது, நீங்க எழுதுறீங்களா நான் போன் போடவா என்று கேட்டாள். அவள் கண்ணில் தண்ணீர். எழுதுகிறேன் என்று தாளை எடுத்து வைத்தேன்.

ஆகவே உன் கேள்விக்கு, ஆறு தடவை போட்டுப் பார்த்து அனுபவத்தில் சொல்கிறேன், வாங்கு. ஒரே இடத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது நிச்சயம் வொர்த். எழுந்து நடப்பவர்களுக்கு அவ்வளவு இல்லை, கீழிருந்து காற்று ஏறும், மாடிப்படியில் தடுக்கும். அடுப்புப் பக்கம் போட்டுக்கொண்டு போகவே கூடாது, சத்தியம் செய். கை நீளமாக இருந்தால் குழம்பில் நனையும், ஒரே அளவு என்று போட்டிருப்பதை விட்டுவிட்டுச் சின்னதாகப் பார்த்து வாங்கு. துவைத்தால் இங்கேயே இரண்டு நாள் காயவில்லை, உன் ஊரில் பொங்கலுக்குத்தான் காயும். முன்னால் பெரிய பை இருக்கும், அதில் கண்ணாடி, போன் எல்லாம் போடலாம், நான் பிஸ்கட் போட்டு அம்மாவிடம் மாட்டிக்கொண்டேன். பாதத்துக்கு அது உதவாது, காலுறை தனியாகப் போட வேண்டும். அது இருக்கிறதே என்று ஹீட்டரை அப்படியே விட்டுவிடாதே, வீட்டுக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லிச் சரி செய்யச் சொல். துணியைப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்றுதான் அம்மா அந்தக் கையைச் சாம்பிளாக அனுப்புகிறாள். விரலிடுக்கில் வைத்துத் தேய்த்துப் பார். உள்பக்கம் மயிர் உதிரக் கூடாதாம், உதிரவில்லை.

நான் நன்றாகத்தான் சாப்பிடுகிறேன், உப்பும் தண்ணீரும்தான் அளவு. தாகத்துக்கு ஐஸ் கட்டி ஒன்றை வாயில் போட்டு ஒதுக்கிக்கொள்கிறேன். டாக்டர் கணக்காகப் போனால் நீண்ட நாள் போகலாம் என்கிறார், அங்கே பதினோரு வருஷமாக வருபவரும் இருக்கிறார். அதனால் டிக்கெட் தேடாதே, ஆய்வேட்டை முடி. பயந்துகொண்டு எழுதாதே, கோபத்தோடு எழுது, வேகமாக வரும். மார்ச்சில் கொடுத்துவிட்டு வா. பொய் இல்லாமல் எழுதுவதாகச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன், உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது லோஷி. வராதே என்று எழுதும்போதே வாசலில் யாராவது செருப்பைக் கழற்றினால் திரும்பிப் பார்க்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், தலைக்கு எண்ணெய் வை, நேரத்துக்குச் சாப்பிடு. நினைத்தது எல்லாம் கைகூடி நீ தலை நிமிர்ந்து நிற்க அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். பார்சல் வந்து சேர இரண்டு வாரம் ஆகுமாம், அதுவரை முழுக்கைச் சட்டையில் வேக வேண்டியதுதான், எனக்கு அந்தத் தண்டனை வேண்டும். இது கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் வீடியோவில் கூப்பிடு. அரைக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
கமலநாதன்