குழுவில் போட்ட சாவி

செவ்வாய், இரவு

எங்கள் சங்கத்தின் கிளவுட் கணக்கைத் திறக்கும் சாவியை, கடவுச்சொல் போன்ற ஒரு நீண்ட எழுத்து வரிசையை, செயலாளர் குமரன் இன்று தொண்டூழியர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். காவடி எடுக்கப் பெயர் பதிய மக்கள் தந்த அடையாள அட்டைப் படங்கள் அத்தனையும் அந்தக் கணக்கில்தான் இருக்கின்றன. நூலகப் புத்தகங்களைப் படித்துக் கற்று, சொந்தக் கணினி இல்லாமல் கிளவுடிலேயே ஓடும் சர்வர்லெஸ் முறையில் அந்தப் பதிவுக்கான மென்பொருளை எழுதியவன் நான். ஒவ்வொரு வேலைக்கும் தனி அனுமதி, அளவான அனுமதி வைத்திருந்தேன். அவன் எல்லாவற்றையும் திறக்கும் ஒரே சாவியை உண்டாக்கியிருக்கிறான்.

சிராங்கூன் சாலையில் உள்ள சங்க அலுவலகத்துக்கே போய் அவனிடம் கேட்டேன்.

"ஆளாளுக்குக் கேக்குறாங்க அங்கிள். ஸ்டோர் ரூம் சாவிய ஆணியில மாட்டி வைக்கிறோம்லா, அதே மாதிரிதான். எல்லாரும் நம்ம ஆளுங்கதானே."

"சங்கத்துல சண்டை போட்டுட்டு விலகிப் போனவனும் இன்னும் குழுவுல இருக்கான். அவனும் நம்ம ஆளா?"

"லைப்ரரி புக்கு படிச்சிட்டு வந்து பயமுறுத்தாதீங்க அங்கிள்!"

அறையே சிரித்தது.

தோ பாயோவில் தனியாக இருக்கும் சரோஜா அம்மா பதிவின்போது அடையாள அட்டையைத் தரவே மறுத்தார். நான் பொறுப்பு என்று சொல்லித்தான் வாங்கினேன்.

நாளை விடிந்ததும் குமரன் அந்தச் சாவியை ரத்து செய்ய வேண்டும். குழுவில் செய்தியை அழித்தால் மட்டும் போதாது. படங்களை யார் திறந்தார்கள் என்று நான் பார்க்க வேண்டும். சங்கத் தலைவர், அட்டை தந்த எல்லோருக்கும் நடந்ததை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சரோஜா அம்மாவிடம் நானே நேரில் சொல்ல வேண்டும். குமரனும் கூட வர வேண்டும். அவர் கேட்கும் கேள்விக்கு அவன்தான் பதில் சொல்ல வேண்டும்.