வெள்ளிக்கிழமை வரைக்கும் வீக்கம்

நாமக்கல்
12-3-1984, திங்கட்கிழமை

அம்முணி சௌந்திரத்துக்கு, உன் அப்பன் சென்னிமலை, நாமக்கல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுவது. மைசூரில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாயிருக்க வேண்டும். ஆஸ்பத்திரி என்றதும் ஒப்பாரி வைக்காதே. ஒடிந்தது இடது கைதான். எழுதுகிற கை நன்றாக இருக்கிறது.

புதுச்சத்திரத்தில் மழையில்லை. உன் அண்ணன் மயில்சாமியின் கோழிப்பண்ணை மட்டும் பெரிதாகிவிட்டது. காட்டை அவன் பேருக்கு எழுதிக் கொடுத்ததிலிருந்து தீவன மூட்டை அறையில்தான் எனக்குப் படுக்கை. தாழ்ப்பாள் வெளியே இருக்கிறது. கோழிக்கு நேரத்துக்குத் தண்ணீர் வைத்துவிடுகிறான், அதைக் குறை சொல்லக்கூடாது.

கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன் என்றுதான் டாக்டரம்மாவிடம் சொன்னேன். பக்கத்தில் அவன் ஆரஞ்சு உரித்துக்கொண்டு நின்றான். என்ன பாசம் போ! அந்தம்மா சின்ன வயசு, ஆனால் கெட்டிக்காரி. அவனை மருந்து வாங்க அனுப்பிவிட்டு, "ஏனுங்கய்யா, வழுக்கி உழுந்தா முதுகுல கயித்துத் தடம் எப்படிங்க வரும்?" என்று கேட்டார். வயதானவர்களை வீட்டிலேயே அடிப்பதைப் பற்றி இப்போது டாக்டர்கள் கூட்டத்தில் பேசுகிறார்களாம். முன்பு கட்டுப் போட்டு அனுப்பிவிடுவோம், இனிமேல் தனியாக வைத்துக் கேட்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊரில் ஒருவரும் கேட்டதில்லை, சாமி.

போலீசில் சொல்லலாமா என்றார். பெற்ற மகனாயிற்றே, வேண்டாமென்று கும்பிட்டேன். அப்படியானால் மகள் வீட்டுக்குப் போங்கள் என்றார். "ஆம்பளப் பையனப் பெத்தவன் மக ஊட்டுல போய் உக்கார்றதுங்களா?" என்று சீறினேன். மாப்பிள்ளை கூப்பிட்டபோதும் இதே திமிர்தான் பேசினேன்.

நேற்று மயில்சாமி வந்து, "ஊட்டுக்கு வா, பேசிக்கலாம்" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். எனக்குப் பயமாயிருக்கிறது.

வெள்ளிக்கிழமை வரைக்கும் வீக்கம் வடியவில்லை என்று சொல்லி உங்களை இங்கே வைத்துக்கொள்கிறேன், அதற்குமேல் கட்டில் கிடையாது என்கிறார் டாக்டரம்மா. இந்த இன்லண்டு கடிதமும் அவர் வாங்கிக் கொடுத்ததுதான். அதற்குள் நீ வந்து நின்றால் உன்னோடு அனுப்புவார். இல்லையென்றால் அவனோடுதான்.

உங்கப்பனுக்கு வெட்கம் விட்டுப்போயிற்று என்று மாப்பிள்ளையிடம் சொல்லு. வரும்போது பழைய வேட்டி ஒன்று கொண்டு வா. என் துணியெல்லாம் அந்த அறையில் கிடக்கிறது.

அர்த்தநாரீசுவரர் உங்கள் மூவரையும் கண்போல் காக்கட்டும். எனக்கு உன் வீட்டில் ஒரு மூலை போதும், அம்முணி. அதற்குக் கதவு இருந்தால், தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கட்டும்.

உன் வருகைக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
அப்பன்