பின்வாசல் அசேலியா

ஜூன் 9

நான்காம் மாடியில் இரண்டு ஏசிக்கு கேஸ் நிரப்பினேன். என்னைப் பார்த்ததும் "மெக்கானிக் வரலையாம்மா?" என்று கேட்டவர்கள் இன்று மூன்று பேர். கையில் ஸ்பேனரோடு நிற்பவள் பிறகு யாராம்?

மதியச் சாப்பாடு வழக்கம்போலக் கட்டடத்தின் பின்வாசலில். சுத்தம் செய்யும் அக்காக்கள் பதினொரு பேர், நான் ஒருத்தி. அட்டைப்பெட்டியை விரித்து உட்காருவோம். இருபது ஏசியின் தண்ணீரும் எங்கள் தலையில்தான் சொட்டும். குளிர் மேலே இருப்பவர்களுக்கு, சொட்டு எங்களுக்கு.

எங்களில் மூத்தவரான பெரிய அக்கா இன்று வரவேற்பறைக் குப்பையிலிருந்து நான்கு தொட்டிகளைத் தூக்கி வந்தார்கள். அசேலியாவாம். முழங்கால் உயரம்கூட இல்லாத குட்டைப் புதர். பூ கொட்டியதும் எறிந்துவிட்டு வேறு தொட்டி வைப்பது இந்த அலுவலகத்தின் வழக்கம்.

"இலை எல்லாம் பச்சையாத்தானேடி இருக்கு. பூ முடிஞ்சா செத்துடுச்சுன்னு அர்த்தமா? அப்படிப் பாத்தா என்னை எப்பவோ தூக்கிப் போட்டிருக்கணும்."

சிரித்துக்கொண்டே சுவரோரம் நட்டோம்.

ஜூலை 2

இலையெல்லாம் மஞ்சள். நரம்பு மட்டும் பச்சை. தினமும் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றியும் இப்படி.

ஜூலை 5

ஓர் இலையைப் பறித்துக்கொண்டு நர்சரிக்காரரிடம் போனேன். எங்கே நட்டேன், எந்தத் தண்ணீர் ஊற்றினேன் என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இது புளிப்பு மண்ணு கேக்குற செடிம்மா. நீங்க சிமெண்டு இடிபாட்டுல நட்டு, போர் தண்ணிய ஊத்துறீங்க. எவ்வளவு சத்து போட்டாலும் அதால சாப்பிட முடியாது. உப்பில்லாத தண்ணி வேணும், மழைத்தண்ணி மாதிரி."

"ஏசில இருந்து சொட்டுற தண்ணி?"

"தாராளமா ஊத்துங்க. மிஷினை மருந்து போட்டுக் கழுவுற அன்னைக்கு மட்டும் வேணாம்."

வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். இத்தனை வருஷமாக நாங்கள் திட்டித் தீர்த்த தண்ணீர்!

ஜூலை 6

விடுமுறை நாள். பன்னிரண்டு பேரும் வந்தோம். செங்கல் துண்டு, காறை எல்லாவற்றையும் தோண்டி எடுத்தோம். குழியில் மக்கிய இலையும் தேங்காய் நார்த்தூளும். வேர் முடிபோல மெல்லிசு, மேலாகவே ஓடும். ஆழப் புதைக்கக் கூடாது. மேலே காய்ந்த இலையால் போர்த்தினோம். காலை வெயில் பத்து மணி வரைக்கும், அப்புறம் கட்டடத்தின் நிழல். இந்தச் செடிக்கு அதுதான் சுகமாம்.

இருபது ஏசியின் சொட்டுக் குழாயையும் இணைத்து ஒரு டிரம்முக்குள் விட்டேன். நான் பார்த்த வேலைகளிலேயே உருப்படியான வேலை.

ஆகஸ்ட் 19

புதுத்துளிர். அடர்பச்சை. பெரிய அக்கா துடைப்பத்தோடு ஒரு சுற்றுச் சுற்றி ஆடினார்கள்.

அக்டோபர் 14

வரவேற்பறை எறிய எறிய நாங்கள் எடுத்துவந்து நட்டதில் இப்போது பத்தொன்பது செடிகள். இன்று நிர்வாக அதிகாரி வந்தார். எதைக் கேட்டாலும் "ரூல்ஸ்ல இல்ல" என்பார். அதனால் எங்களுக்கு அவர் ரூல்ஸ். மார்ச்சில் இந்த இடத்தைச் சிமெண்ட் போட்டு மூடி பைக் நிறுத்தப் போகிறார்களாம்.

"நாங்க எங்க சார் சாப்பிடுறது?"

"பாத்ரூம் பக்கத்துல வராந்தா சும்மாதானே கிடக்கு?"

"இது தோட்டம் சார்."

"பூவே இல்லாம என்ன தோட்டம்? பிப்ரவரில பெரியவர் வராரு. அவருக்குக் காட்டுற மாதிரி பூ இருந்தா பாக்கலாம். இல்லன்னா சிமெண்டு."

பெரியவர் என்றால் கம்பெனித் தலைவர். கக்கூஸ் வாசல்ல உக்காந்து சாப்பிடணுமாம்! அந்தக் கக்கூஸைக் கழுவுறதே இந்த அக்காங்கதான். ஒரு நாள், ஒரே ஒரு நாள், இந்த ஆளு அங்க உக்காந்து தின்னுட்டு வரட்டும் — இன்றைக்கு இதற்குமேல் எழுதினால் பேனா உடையும்.

நவம்பர் 30

மொட்டா, இலையா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

டிசம்பர் 12

மொட்டுதான்!

பிப்ரவரி 3

நேற்று நாலு, இன்று நாற்பது. சிவப்பு, வெள்ளை, ரோஸ். இலையே தெரியவில்லை. மாடி ஜன்னல்களில் தலைகள். முதல்முறையாக அவர்கள் கீழே பார்க்கிறார்கள்.

பிப்ரவரி 8

நாளை மறுநாள் பெரியவர் வருகை. காலையில் வந்து பார்த்தால், ஒவ்வொரு செடியைச் சுற்றியும் வெள்ளை வட்டம். சுண்ணாம்புத்தூள்! "லட்சணமா இருக்கட்டும்" என்று ரூல்ஸ் போடச் சொன்னாராம். போதாததற்கு ஒரு ஆள் ஹோஸ் பைப்போடு தண்ணீர் அடிக்கத் தயாராக நிற்கிறான். தண்ணீர் பட்டால் சுண்ணாம்பு நேரே வேருக்குப் போகும். மண்ணின் புளிப்பு முறிந்துவிடும்.

"அடிக்காதே!" என்று கத்தினேன். பெரிய அக்கா கத்தவில்லை. நிதானமாகப் போய் பைப்பின்மேல் ஏறி நின்றார்கள்.

"அக்கா, இறங்குங்க. சார் சொன்னாரு."

"நான் எடை ஜாஸ்திப்பா. ஏறிட்டேன்னா இறங்க நேரமாகும்."

அவர்கள் இறங்குவதற்குள் மற்ற பத்துப் பேரும் நானும் முறத்தால் அள்ளி, போர்த்திய இலையோடு சேர்த்து வாரி எடுத்துவிட்டோம். அள்ளிய பத்து அக்காக்களும் முகமெல்லாம் வெள்ளையாக நின்றார்கள். எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

பிப்ரவரி 10

பெரியவர் பின்வாசலுக்கு வரவே இல்லை. நான்காம் மாடியில் நான் ஏணிமேல் நிற்கும்போது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"அது என்ன கீழ, அவ்வளவு பூ?"

ரூல்ஸ் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பணியாளர் தோட்டம் சார். ஸ்டாஃப் சாப்பிடுறதுக்குன்னு நான்தான் ஏற்பாடு பண்ணேன்."

"பலே! அப்படியே வச்சுக்குங்க."

நான்தானாம்! ஏணியிலிருந்து குதிக்காமல் இருந்ததே பெரிது. கீழே போய்ச் சொன்னேன். பெரிய அக்கா தட்டிலிருந்து நிமிரக்கூட இல்லை.

"பேரை அவரு வச்சுக்கட்டும்டி. இடத்தை நாம வச்சுக்கலாம்."

எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. அக்காவுக்குப் பசி மட்டும்தான்.

மார்ச் 17

மதியம் ரூல்ஸ் பின்வாசலுக்கு வந்தார். வீட்டில் வைக்க ஒரு செடி வேண்டுமாம். மனைவி கேட்கிறாராம்.

"தரேன் சார். எந்தத் தண்ணி ஊத்தணும், எங்க வைக்கணும்னு சொல்லியும் தரேன்" என்றார்கள் பெரிய அக்கா. "இப்ப நாங்க சாப்பிடுறோம். முடிச்சுட்டுக் கூப்பிடுறேன்."

அவர் கதவோரமாகத் தள்ளி நின்றார். அக்கா இரண்டாம் முறை சாதம் போட்டுக்கொண்டார்கள்.