புது மெஷின் எத்தனை பேருக்கு

ஏனுங்க,

குடும்பஸ்ரீ மகளிர் குழுக் கூட்டத்துக்குக் கொழிஞ்சாம்பாறை போகிறேன். உப்புத் தண்ணியை நல்ல தண்ணியாக்குற மெஷின்காரர் பதினோரு மணிக்கு வருவார். போர் தண்ணியைச் சோதித்த சீட்டு ஃபிரிட்ஜ் மேலே இருக்கு, காட்டுங்க. பழைய மெஷின் நம்ம ரெண்டு பேருக்கென்று வாங்கியது. அதுதான் திணறுது, பருப்பும் வேகமாட்டேங்குது.

புதுசுக்கு அளவு பார்க்க, ஊட்டில் எத்தனை பேர் என்று கேட்பார். நேற்று ஃபோனில் அவர்கிட்ட "ரெண்டு பேருங்க, அப்புறம் ஒரு விருந்தாளி" என்றீங்க. உங்க அக்கா ரெண்டு நாளைக்கென்று வந்து எட்டு மாசமாச்சு. எந்த விருந்தாளி உங்க சட்டைக்குப் பட்டன் தைக்கிறாங்க?

"எப்பங்க ஊருக்கு?" என்று மாசாமாசம் கேட்டவள் நான்தான், ஒத்துக்கிறேன். ஆனால் நேற்று நீங்க பேசியதைக் கேட்டுட்டு அவங்க அரை வாளித் தண்ணியில் குளிச்சாங்க. எனக்குச் சோறு இறங்கலை.

மூணு பேர் என்று சொல்லுங்க. அவங்க காதில் விழற மாதிரி சொல்லுங்க.

சுலோ

மோர்க்குழம்பு அடுப்பு மேலே. சூடு பண்ணுங்க, கொதிக்க விட்டுடாதீங்க.

நீங்க பாடிக்கிட்டே ஒரு மணி நேரம் குளிக்கிறதையும் சொல்லிடுங்க. ஒரு சைஸ் பெரிசாகவே தரட்டும்.

மெஷினை எந்த மூலையில் வைக்கலாம் என்று அக்காவைக் கேளுங்க. அவங்க சொல்ற இடத்திலேயே வைங்க, எனக்குப் பிடிக்காவிட்டாலும்.