எழுதாததைப் படித்தேன்

அயனம்பாக்கம்
ஈஸ்வர வருஷம், ஐப்பசி 12

சிரஞ்சீவி எத்திராஜுக்கு அம்மா ஆசீர்வாதம் பண்ணி எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் பெண்டாட்டி வடிவு, குழந்தை பூங்காவனம் மூவரும் உடம்புக்குச் சுகம். ரங்கூனில் உன் உடம்பையும் அம்மன் பார்த்துக்கொள்வாள். மனசு சுகமா என்று கேட்காதே, அதைத்தான் எழுதப்போகிறேன்.

ஏரி பாதிக்கு மேல் ரொம்பிவிட்டது, குழந்தைக்கு நாலு பல் முளைத்து எல்லாரையும் கடிக்கிறாள், நீ இன்னும் முகம் பார்க்காதவள் உன்னைப் போலவே தலையைச் சாய்த்துத் தூங்குகிறாள். இதெல்லாம் எழுத வேண்டாம் என்கிறாய். ஆபீஸ் விட்டதும் ஒரு சாமியாரிடம் யோகம் கற்கிறேன், மூச்சை அடக்கி உட்கார்ந்தால் துரை திட்டினதுகூட மனசில் ஒட்டவில்லை, ஊர்ச் சமாசாரம் வந்தால் தியானம் கலைகிறது, பற்றை அறுக்க வேண்டும் என்று மூன்று கடிதமாய் அதே பாட்டு. வடிவு பெயர் ஒன்றில்கூட இல்லை.

அவளுக்குப் படிக்கத் தெரியாதது உனக்குத் தெரியும். தபால் வந்தால் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, அத்தே, இன்னா எழுதிகீறாரு, என்னைக் கேட்டாரா என்று எதிரே உட்காருவாள். அஞ்சாம் வகுப்பில் வாசிப்பில் முதலாவதாக வந்தவள் நான், தடுமாறாமல் படித்தேன், நீ எழுதாததை. வடிவு வேளைக்குச் சாப்பிடுகிறாளா, குழந்தை யார் ஜாடை, தைக்கு வருகிறேன் என்றெல்லாம் என் வாயில் வந்துவிட்டது. அவளும் அதை நம்பி, அவரு வந்துதான் காது குத்தணும் என்று தன் அண்ணன் தங்கவேலைக் காத்திருக்கச் சொல்லிவிட்டாள். நேற்று உன் கடுதாசியை எடுத்துவந்து, இதுல என் பேரு எங்க கீது காட்டு அத்தே என்றாள். நீ கையெழுத்துப் போட்ட இடத்தைக் காட்டினேன். அதன்மேல் குழந்தையின் விரலைப் பிடித்து வைத்து, அம்மா பேரு பாருடி என்றாள்.

நீ அனுப்பிய யோகப் புஸ்தகத்தை நானும் படித்தேனப்பா. மூச்சு நாலாவது படியாம். முதல் படியிலேயே பிறரை நோகடிக்காதே, பொய் சொல்லாதே என்று போட்டிருக்கிறது. அந்தக் காலத்து ரிஷிகள் காட்டில் இருந்து சொன்னாலும், கப்பலேறிப் போன உனக்கும் இங்கே இருக்கிற எனக்கும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். நீ அந்தப் படியைத் தாண்டிக் குதித்தாய், உன்னால் நான் அதில் வழுக்கினேன். துரை திட்டு ஒட்டாமல் போகட்டும், பெற்ற பெண் ஒட்டாமல் போவது யோகமா?

அடுத்த கடிதத்தை உள்ளது உள்ளபடி படிப்பேன். அவள் பெயர் இருந்தால் இடத்தைக் காட்டுவேன், இல்லாவிட்டால் இல்லை என்பேன்.

சின்ன வயதில் உனக்கு இழுப்பு இருந்தது, மூச்சை ரொம்ப அடக்காதே. நீண்ட ஆயுசோடு நன்றாயிரு. வடிவு என்பது மூன்றே எழுத்து.

இப்படிக்கு,
உன் தாயார் வேம்புலியம்மாள்