ஏலத்துக்கு வந்த பதினொரு முட்கரண்டிகள்

காலிக்ஸ்,
மே 22

அன்பு மகள் யில்வாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் மாத்திரைகளின் தயவில் நன்றாகவே நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அங்கே நன்றாக இருக்கவேண்டும் என்பதைத் தவிர எங்களுக்கு வேறு நினைப்பில்லை. வழக்கமாக அம்மாதான் எழுதுவாள், நான் ஓரத்தில் கையெழுத்து மட்டும் போடுவேன். இந்தத் தடவை நான்தான் எழுதவேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். உறையின் மேல் எழுதியிருக்கும் விலாசத்தைப் பார்த்ததுமே உனக்குத் திக்கென்று இருந்திருக்கும். இந்த விலாசம் இவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்திருப்பாய். பயப்படாதே மகளே, கிழித்துப் போட்டுவிடாதே, கடைசி வரைக்கும் படி. உன்மேல் எனக்குக் கோபம் ஒரு துளியும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடு என்றாள் அம்மா, சொல்லிவிட்டேன்.

ஆற்றில் பனிக்கட்டி பதினோராம் தேதி உடைந்தது. இந்த வருஷம் பெரிய சத்தத்தோடு போயிற்று, போகும்போது பக்கத்து வீட்டுக்காரனின் படகுத்துறையையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. அதைக் கரையோரமாகவே இழுத்துவிடு என்று இலையுதிர் காலத்திலேயே தலையால் அடித்துக்கொண்டேன், கேட்டால்தானே. அம்மாவுக்கு பிப்ரவரியில் இதயக் குழாயில் ஸ்டென்ட் என்கிற வலைச்சுருள் வைத்த இடம் நன்றாக இருக்கிறதாம், பெரிய டாக்டரே பார்த்துச் சொன்னார். புதனும் சனியும் நீச்சல்குளத்துக்குப் போய் இடுப்பளவுத் தண்ணீரில் மற்றப் பெண்களோடு நடந்துவிட்டு வருகிறாள், நடப்பதைவிடப் பேசுவதுதான் அதிகம் என்பது என் சந்தேகம். அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது நீ வரவில்லை, ரொட்டிக் கடையை விட்டு வரமுடியாது என்று போனில் சொன்னாய். அப்போது நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன், பெற்ற தாயைவிட ரொட்டி பெரிசா என்று அம்மாவிடம் கத்தினேன். அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன். அந்த நேரத்தில் கடையே இல்லை என்பதும் உன்னிடம் ரயிலுக்குக் காசு இல்லை என்பதும் எனக்கு எப்படித் தெரியும்.

இப்போது எப்படித் தெரிந்தது என்ற கதையைச் சொல்கிறேன். வருகிற ஆகஸ்டில் உனக்கு நாற்பது முடிகிறது. உன் முதல் பிறந்தநாளிலிருந்து பன்னிரண்டாவது வரைக்கும் வருஷத்துக்கு ஒன்றாக வாங்கி, பின்புறம் உன் பெயரின் முதல் எழுத்தையும் அந்த வருஷத்தையும் பொறித்துக் கொடுத்தோமே, அந்த லில்லிப் பூ போட்ட வெள்ளி முட்கரண்டிகளில் ஒன்றை ஒன்பது வயதில் படகிலிருந்து ஏரியில் போட்டுவிட்டு மூன்று நாள் சாப்பிடாமல் அழுதாய். அதே வேலைப்பாட்டில் ஒன்றைத் தேடிப் பிடித்து நாற்பதுக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். பழைய மீன்பிடி ரீல்களை நான் வாங்கி விற்கிற ஏலத்தளம் இருக்கிறதே, அதிலேயே இந்த வெள்ளி எங்கே ஏலத்துக்கு வந்தாலும் எனக்குச் செய்தி அனுப்பு என்று பதிந்து வைத்தேன். ஏப்ரல் முடியும் சமயம் ஒரு காலையில் செய்தி வந்தது. திறந்து பார்த்தால் ஒன்றில்லை, பதினொன்று. படத்தை விரல்களால் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் எழுத்து, வருஷங்கள், எல்லாம் அப்படியே. கீழே, பன்னிரண்டில் ஒன்று ஏரியில் விழுந்துவிட்டது, மன்னிக்கவும் என்று எழுதியிருந்தது. உன்னைத் தவிர வேறு யார் இப்படி எழுதுவார்கள், ஏலத்தில் போய் மன்னிப்புக் கேட்பார்கள். கையில் இருந்த காபியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. நெஞ்சில் சுருள் வைத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, சொன்னால் என்ன ஆகுமோ என்ற பயம். என் பெயரில் ஏலம் கேட்டு ஜெயித்தால் விற்றவருக்கு வாங்கியவரின் பெயரும் விலாசமும் போய்விடும், உனக்குத் தெரிந்துவிடும். அதனால் போடன் ஊரில் இருக்கிற ஓஸ்டேனைப் பிடித்தேன். உனக்கு அவனைத் தெரியாது, ரீல் வாங்கிப் பழக்கமானவன். "உனக்கு எதுக்குய்யா வெள்ளி முட்கரண்டி, மீனைக் குத்தியா பிடிக்கப் போறே?" என்று சிரித்தான். வாயை மூடிக்கிட்டு நான் சொல்ற விலையைப் போடு என்றேன். அந்த வாரம் முழுக்க வெள்ளியை எடைக்கு வாங்கி உருக்குகிற எவனோ ஒருவன்தான் முன்னால் இருந்தான். வருஷத்துக்கு ஒன்றாக வாங்கினதெல்லாம் உருகி ஒரு கட்டியாகப் போவதை நினைத்து மணிக்கொரு தரம் விலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்கு ஏலம் முடியவேண்டும். வெயில் அப்போதும் நன்றாக இருந்தது, படகுக்கு வண்ணம் அடிக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் போய், ஒரு காதில் ஓஸ்டேனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உருக்குகிறவன் ஆறரை மணிக்கே விலகிவிட்டான். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் வேறு யாரோ ஏற்றினார்கள். நாங்கள் ஏற்றினோம். அந்தப் பக்கமும் ஏற்றியது. கடைசி நிமிஷத்தில் விலை ஏறினால் இன்னும் மூன்று நிமிஷம் நீளும் என்பது அந்தத் தளத்தின் விதி, அப்படியே மூன்று மூன்றாக நீண்டு முக்கால் மணி நேரம் போயிற்று. தண்ணீர் குடிக்க வீட்டுக்குள் ஓடினேன். அம்மா துணி துவைக்கிற அறையிலிருந்து போனும் கையுமாக வெளியே வந்தாள், முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. "மாய்வோர், மாத்திரை போட்டியா?" என்று அவளைப் பேர் சொல்லி அதட்டினேன். "நீ ஏன் இப்படி மூச்சு வாங்கறே, படகுக்கு வண்ணம் அடிக்கிறியா, படகைத் தூக்கிட்டு ஓடறியா?" என்றாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டோம். விலை பன்னிரண்டாயிரம் குரோனரைத் தாண்டியதும் ஓஸ்டேன், "போதும் ஸ்டூரே, எதிர்ல இருக்கிறது பைத்தியம், அதோட மல்லுக்கு நிக்காதே" என்று போனை வைத்துவிட்டான். போய்விட்டது. உன் முட்கரண்டிகளை எவனோ கொண்டுபோய்விட்டான். நாலு நாள் சாப்பாடு இறங்கவில்லை, காசுத் திமிர் பிடித்த ஸ்டாக்ஹோம்காரன், அவன் வாயில் அது குத்தட்டும் என்று சம்பந்தமில்லாமல் வாய்விட்டுத் திட்டிக்கொண்டிருந்தேன். அம்மா ஒன்றும் கேட்காமல் தட்டில் பன்றிக்கறி வைத்த உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையை இன்னும் ஒன்று போட்டாள். அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும், சாதாரணமாக இரண்டுக்கு மேல் தரமாட்டாள்.

அடுத்த வாரம் புதன்கிழமை அம்மா நீச்சல்குளத்துக்குப் போயிருந்தபோது லூலியோவிலிருந்து ரூத் என்கிற அம்மாள் காரில் வந்தாள், ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவள். "மாய்வோர் என் பேர்ல ஏலம் எடுத்தாளே, அந்தச் சாமான் வந்துடுச்சு, நீங்களே வாங்கி வெச்சுடுங்க" என்று ஒரு பொட்டலத்தை நீட்டினாள். மேலே உன் கையெழுத்து. அனுப்புநர் என்ற இடத்தில் உன் பெயர், அதன் கீழே லேனா பெர்கின் வீட்டில் என்று இருந்தது. கதவில் உன் பெயர்கூட இல்லாத ஒரு இடத்தில், யாரோ ஒருத்தியின் வீட்டு அறையில் நீ இருக்கிறாய் என்று அந்த ஒரு வரியில் தெரிந்துகொண்டேன். உன் புருஷன் யோவாகிம் எங்கே, வீடு எங்கே, கடை எங்கே. ரூத்துக்குக் காபி கொடுக்கக்கூட மறந்துவிட்டேன், பாவம், அப்படியே திரும்பிப் போனாள்.

பொட்டலத்தை மேஜைமேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். ஈரத் தலையோடு அம்மா உள்ளே வந்தாள், பொட்டலத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவளும் உன் நாற்பதுக்காக அதே தளத்தில் அதே முட்கரண்டியைத் தேடி வைத்திருக்கிறாள். அவளுக்கும் அதே காலையில்தான் செய்தி வந்திருக்கிறது. எதிரில் இருந்த பைத்தியம் யார் என்று இரண்டு பேருக்கும் அப்போதுதான் புரிந்தது. ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு, ஒரே சேமிப்பிலிருந்து, ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாமல் மாற்றி மாற்றி விலையை ஏற்றியிருக்கிறோம். சிரித்தோம், சிரிக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். பிறகு நான் அம்மாவிடம் கேட்டேன், உன் நெஞ்சுக்கு ஆகாதே என்று நான் மறைத்தேன், நீ எதற்கு என்னிடம் மறைத்தாய். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உன்கிட்ட சொன்னா என்ன பண்ணுவே? உடனே போனை எடுத்து, நான் அன்னிக்கே சொன்னேனேன்னுதான் ஆரம்பிப்பே. அந்தப் பொண்ணு அதை வேற கேக்கணுமா?"

யில்வா, இதைச் சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது, ஆனாலும் சொல்லவேண்டும். ஏலத்தில் உன் எழுத்தைப் பார்த்து நின்றேனே அந்தக் காலையில், என் மனதில் முதலில் வந்தது அழுகை இல்லை, அந்த வாக்கியம்தான். நான் அன்றைக்கே சொன்னேனே. முப்பத்தைந்து வருஷம் மரம் அறுக்கும் ஆலையில் இயந்திரத்தோடு கத்திக் கத்திப் பேசி வளர்ந்த வாய் இது, ஆனால் அதெல்லாம் சாக்கு.

பிறகு பொட்டலத்தைப் பிரித்தோம். ஒவ்வொன்றையும் தனித்தனியாக மெல்லிய தாளில் சுற்றியிருந்தாய். மேலே ஒரு அட்டை, ரூத் அம்மாளுக்கு. நீ எழுதியது உனக்கு நினைவிருக்கும், எனக்கு இப்போது மனப்பாடம். "வாங்கினதுக்கு நன்றி. பெட்டியில பூட்டி வெக்காதீங்க, தினமும் சாப்பிடுங்க. இது எங்க அப்பா அம்மா வருஷா வருஷம் வாங்கிக் கொடுத்தது. கடை போயிடுச்சு, வீட்டுக்காரரும் என்னை விட்டுட்டுப் போயிட்டாரு, இதையும் வித்துட்டேன்னு அவங்களுக்குத் தெரியாது. அப்பாகிட்ட சொல்ல இன்னும் தைரியம் வரல." முன்பின் பார்க்காத ஒரு அம்மாளிடம் இத்தனையும் சொல்ல உனக்கு முடிந்தது, என்னிடம் முடியவில்லை. அதைப் படித்துவிட்டு நான் அழுதேன் மகளே. அம்மா அழவில்லை, என் முதுகைத் தடவிக்கொண்டே, அழட்டும், இவன் நன்றாக அழட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் நீயும் யோவாகிமும் கடைக்காகக் கடன் வாங்கப்போவதைச் சொல்ல வந்தபோது, நல்ல வேலையை விட்டுவிட்டு மாவு பிசையப் போகிறாயா, போ, கையைச் சுட்டுக்கொண்டு வந்து என் வாசலில் நின்று அழாதே என்றேன். நீ நான் சொன்னபடியே கேட்டு நடந்திருக்கிறாய். அது தப்பான வார்த்தை. எந்தத் தகப்பனும் சொல்லக்கூடாத வார்த்தை. நான் அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நீ எதற்கு வாசலில் நிற்கவேண்டும், இது உன் வீடு, உள்ளே வந்து அழு. முட்கரண்டிக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பி அனுப்புகிறேன் என்று மட்டும் கிளம்பாதே, அந்தப் பேச்சை எடுத்தால் அம்மாவுக்குக் கெட்ட கோபம் வரும். லேனா பெர்க் என்பவள் யாராக இருந்தாலும் உனக்குக் கதவைத் திறந்தவள், எங்கள் நன்றியை அவளிடம் சொல்லு. வேளாவேளைக்குச் சாப்பிடு, காபியை மட்டும் குடித்துக்கொண்டு திரியாதே.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு நான் உன்னைப் போனில் கூப்பிடுவேன். எடுக்க மனம் வராவிட்டால் விட்டுவிடு, அதற்கடுத்த ஞாயிறும் கூப்பிடுவேன், அதற்கடுத்ததும். எடுத்தால் நான் பேசமாட்டேன், அம்மாமேல் ஆணையாகச் சொல்கிறேன். நீ பேசு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசு. பேச ஒன்றும் வராவிட்டால் சும்மா பிடித்துக்கொண்டு இரு. நீ வைக்கிற வரைக்கும் நான் வைக்கமாட்டேன்.

ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்கவேண்டும் மகளே.

உன் அப்பா,
ஸ்டூரே