கீழே ஓடிய எழுத்து

ஃபிலோவ்சி,
6 மார்ச் 1995

அன்புத் தங்கச்சி வெரோனாவுக்கு,

நாங்கள் சுகம். உன் அண்ணி திரெய்சாவுக்கு முழங்கால் வலி தேவலை. இந்த முறை பூசணி விதை எண்ணெய் நன்றாக வந்திருக்கிறது. உனக்கென்று இரண்டு புட்டி எடுத்து வைத்திருக்கிறாள்.

ஊர் ஊராகப் போய்க் கல்யாணத்துக்கு அழைக்கிறவனைப் படம் எடுக்கிறோம் என்று உங்கள் தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்களே, அதை நேற்று மதுக்கடையில் எல்லாரும் கூடிப் பார்த்தோம். அழைக்கப் போகும்போது கட்டுகிற ரிப்பனும் மணியும் கட்டிக்கொண்டு ஒரு வீட்டு வாசலில் நின்று பேசுகிறேன். படத்துக்குக் கீழே உங்கள் தலைநகரத்து லுப்லியானா மொழியில் எழுத்து ஓடுகிறது, ஏதோ வேற்று நாட்டானுக்குப் போடுவது போல. "கேசா, பாஸ்போர்ட்டு எடுத்துட்டியாடா?" என்று வின்ட்சே கேட்டான். கடையே சிரித்தது.

அந்த எழுத்தில் ஒரு சொல்கூடத் தப்பவில்லை. உன் ஆபீசில் உன்னைத் தவிர யாருக்கு என் பேச்சு புரியும்? நீதானே எழுதினாய்?

உன் மகள் மொய்ட்சா கல்யாணத்துக்கு அழைக்க நான் வரவில்லை. அழைப்பு அட்டை அடித்துக்கொள்ளுங்கள்.

உன் அண்ணன்,
கேசா

லுப்லியானா,
14 மார்ச் 1995

அன்புள்ள அண்ணா,

நான்தான் எழுதினேன். வேறு யாராவது எழுதியிருந்தால் உன் கிண்டலெல்லாம் உளறலாகியிருக்கும். இங்கே யாருக்கும் புரியவில்லை அண்ணா, நான் என்ன செய்ய?

கோபத்தை என் மகள் மேல் காட்டாதே. "கேசா மாமா மணி கட்டிட்டு வந்து கூப்பிடாம எனக்குக் கல்யாணமே வேணாம்" என்று மொய்ட்சா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் கார்ஸ்ட் மேட்டுக்காரர்கள், நல்ல மனிதர்கள். நம் பக்கத்துப் பேச்சை அவர்கள் கேட்டதே இல்லை. நீ கொஞ்சம் பொதுமொழியில் சொன்னால் போதும். வேண்டுமானால் நானே எழுதித் தருகிறேன்.

அண்ணிக்கு என் அன்பு.

வெரோனா

ஃபிலோவ்சி,
21 மார்ச் 1995

அன்புத் தங்கச்சிக்கு,

நாரை வந்துவிட்டது. போன வருஷக் கூட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது.

எழுதித் தருகிறாயாமே. நாற்பது வருஷமாக இந்த வாயால்தான் அழைக்கிறேன், ஒரு கல்யாணமும் நின்றதில்லை.

உண்மையைச் சொல்கிறேன், அந்த எழுத்துகூட எனக்குப் பெரிதில்லை. மூரா ஆற்றைத் தாண்டி லுப்லியானாவுக்குப் போன பிறகு நீ என்னிடம் நம் பேச்சில் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பாவை அடக்கம் செய்த அன்றும் செய்தி வாசிப்பது போலத்தான் பேசினாய். எனக்குத் தங்கச்சி இல்லாமல் போய் இருபத்தேழு வருஷம் ஆகிறது வெரோனா.

கடிதத்தை விடு. எழுத்து நடை நம் எல்லாருக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது, நான் கேட்பது உன் வாய்ப்பேச்சைத்தான். ஞாயிறு மதியம் தொலைபேசி பக்கத்திலேயே இருப்பேன். நம் பேச்சில் என்னைக் கூப்பிடு, மணியைக் கட்டிக்கொண்டு வருகிறேன்.

கேசா

லுப்லியானா,
27 மார்ச் 1995

அண்ணே,

ஞாயித்துக்கெழம மூணு தடவ போன் அடிச்சுட்டு வெச்சது நாந்தான். நீ "யாரு, யாரு"ன்னு கேட்டுக்கிட்டே இருந்த. எனக்கு வாயே வரல. வேலைக்குச் சேந்த மொத நாளு நம்ம பேச்சுல வாயத் தொறந்தேன், அந்த ரூமே சிரிச்சுச்சு. அன்னைக்கு மூடுனதுதான். பெத்த பொண்ணுகிட்டகூடத் தொறக்கல.

அதான் நாம பேசுற மாதிரியே எழுதிப் பாக்குறேன். நம்ம வாத்தியாரு பாத்தா அடிப்பாரு. மொய்ட்சா பின்னால நின்னு படிச்சுட்டு, "யாரும்மா இப்படிப் பேசுறது?"ன்னு கேட்டா. நாந்தான்டின்னேன்.

வா அண்ணே. மணியெல்லாம் தொடச்சு வை. ஒனக்கு வர்ற மாதிரியே பேசு. கார்ஸ்ட்டுக்காரங்களுக்குப் புரியலன்னா போகட்டும். எனக்குப் புரியும்.

ஒன் தங்கச்சி,
வெரோனா